வெள்ளிக்கிழமை முதலுதவி வகுப்பு

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே விருது பாதுகாப்புக்கானது. பித்தளைத் தகட்டில் ஆங்கிலத்திலும் அரபியிலும் பொறித்து, வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பயிற்சி வகுப்புகளுக்கு ஆள் திரட்டியதில் எங்கள் தொழிலாளர் காம்ப்தான் முதலிடம் என்று அதில் போட்டிருந்தது. அப்படித் திரண்டவர்களில் பாதிப் பேர் ஜெபமாலை சொல்ல வந்தவர்கள். கால்வாசிப் பேர் ஐயப்பனுக்குச் சரணம் சொல்ல வந்தவர்கள். மிச்சப் பேர் மவ்லிது ஓத வந்தவர்கள். தீயணைப்பானை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்கு முன்னால் ஷார்ஜாவில், ரோலாப் பக்கம் ஒரு பேச்சிலர் ரூமில் இருந்தேன். அங்கே இந்தக் கூத்தெல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் துபாய் பஸ் பிடித்தால் கோயில் இருந்தது. சர்ச் ஷார்ஜாவிலேயே இருந்தது. சத்தம் காட்டாமல், கண்ணில் உறுத்தாமல் கும்பிட்டுவிட்டு வர வேண்டும், நோன்பு மாதத்தில் பகலில் நாலு பேர் பார்க்கப் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு அது தாராளம். சாமி விஷயத்தில் நான் பரீட்சைக்கு முதல் நாள் கோயிலுக்குப் போகிற ரகம்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனி என்னை சவுதிக்கு மாற்றியது. ஜுபைல் பக்கம் ஒரு பெரிய கம்பெனி ரசாயன ஆலை கட்டிக்கொண்டிருந்தது. அதில் குழாய் பதிக்கிற கான்ட்ராக்ட் எங்களுடையது. விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் என் பெட்டியைக் கவிழ்த்தார். மனைவி மடித்துக் கொடுத்த திருநீற்றுப் பொட்டலம் அவர் கையில் சிக்கியது. பிரித்து மோந்து பார்த்துவிட்டு என்ன இது என்றார். சாம்பல் என்றேன். எதன் சாம்பல் என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி, மாட்டுச் சாணம் என்றேன். அந்தப் பொட்டலத்தை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் குப்பைத் தொட்டி வரை நடந்தார். பர்சில் இருந்த முருகன் படமும் அதோடு போயிற்று. நார்த்தங்காய் ஊறுகாயை மட்டும் திருப்பிக் கொடுத்தார். ஊறுகாய் எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வெளிநாட்டுக்காரன் கையில் எப்போதும் இருக்க வேண்டிய அடையாளப் புத்தகத்துக்கு அங்கே இக்காமா என்று பெயர். அதன் அட்டை இரண்டு நிறம். முஸ்லிமுக்குப் பச்சை, மற்றவனுக்குப் பழுப்பு. முருகனைக் கும்பிடுகிறவன், மாதாவைக் கும்பிடுகிறவன், ஒன்றையுமே கும்பிடாதவன் எல்லாருக்கும் ஒரே பழுப்புதான். நம் ஊரில் ஆயிரம் பிரிவு வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறோம். அவர்கள் ஒரே டப்பா பெயின்ட்டில் வேலையை முடித்துவிட்டார்கள்.

வழிபாடு என்றால் அந்த நாட்டில் ஒன்றுதான். மற்றவர்கள் மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் முணுமுணுத்துக்கொள்ளலாம். நாலு பேர் கூடி வாயைத் திறந்தால் குற்றம். அதைக் கண்காணிக்க முத்தவா என்று ஒரு கூட்டம் உண்டு. தாடியும் பிரம்புமாக ஜீப்பில் வருவார்கள். மாட்டினால் சில வாரம் உள்ளே, பிறகு விமானத்தில் ஏற்றி ஊருக்கு, அப்புறம் அந்த மண்ணை மிதிக்க முடியாது. காம்ப்பில் ஆளுக்கு ஆள் இதைச் சொல்லிப் பயமுறுத்திக்கொள்வோம். "ஊருக்கு அனுப்பிருவான்" என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த நரகம். ஊருக்குப் போகிற நாளை எண்ணியபடியே படுக்கிற ஆட்கள்தான் நாங்கள் எல்லாரும்.

என் வேலை சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடு, பெல்ட் மாட்டு என்று நாள் முழுக்கக் கத்துவது. வாரம் ஒரு முறை பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும் என்பது ஆலைக்காரர்கள் போட்ட விதி. அதற்காகக் காம்ப்பின் கடைசியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கேபினைக் கொடுத்திருந்தார்கள். ஏசி உண்டு. மார்பை அழுத்திப் பழக ஒரு ரப்பர் பொம்மை உண்டு. வகுப்புக்குத்தான் ஆள் வராது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நீயும் பொம்மையும் மட்டும் உட்கார்ந்திருக்கவா சம்பளம் தருகிறேன் என்று காய்ச்சி எடுத்துவிட்டார்.

அந்த வாரம்தான் வெல்டர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், இவர் மட்டும் வெல்டிங் படித்துவிட்டு வந்தவர். அம்மா இறந்துபோன செய்தி வந்து, லீவு கேட்டு, கிடைக்காமல், கண் சிவந்து திரிந்துகொண்டிருந்தார்.

"சாரே, ஒரு காரியம் கேக்கணும். மறுக்கப்பிடாது."

"லீவைத் தவிர என்ன வேணும்னாலும் கேளும்."

"வெள்ளிக்கிழமையோட எனக்க அம்மைக்கு ஏழு நாளு ஆவுது. ஜெபமால சொல்லணும்."

"ரூம்ல இருந்து சொல்லும். யாரு வேண்டாம்னா?"

"ஒத்தைக்கு தெனமும் சொல்லுதேன் சாரே. அது போராது. ஒருத்தன் முன்ன சொல்ல, பத்துப் பேரு பதிலு சொல்லணும். பெத்த தாய்க்கு பதிலு சொல்ல ஆளில்லாம போச்சேன்னா எனக்கு கஞ்சி எறங்க மாட்டேங்குது."

அவர் ரூமில் எட்டுப் படுக்கை. எந்த வாய் எங்கே போய்த் திறக்கும் என்று சொல்ல முடியாது. மாட்டினால் அவர் கதி என்ன என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஊரில் வீடு லிண்டல் மட்டத்தில் நின்றது. தம்பிக்கு இதே கம்பெனியில் விசா கேட்டு வைத்திருந்தார். என் கதியும் ஏறக்குறைய அதுதான். யோசித்து யோசித்து, கடைசியில் மேனேஜர் திட்டிய திட்டுதான் வழி காட்டியது. நோட்டீஸ் போர்டில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டேன். வெள்ளி காலை, முதலுதவி வகுப்பு.

பத்துப் பேர் வந்தார்கள். நான் வாசலில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தேன். ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் கேபினுக்குள் கச்சேரியே வைத்தாலும் வெளியே கேட்காது. நடுவில் எட்டிப் பார்த்தேன். மேஜை மேல் பொம்மை நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. அதைச் சுற்றிப் பத்துப் பேரும் முழங்காலில் இருந்தார்கள். அச்சு அசல் இழவு வீடு. வெல்டர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ரப்பர் பொம்மைக்காகக் கண் கலங்கிய சேஃப்டி ஆபீசர் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏழாம் நாளோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை இருபது பேர் நின்றார்கள். தடை போட்ட இடத்தில் எல்லாரும் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் நம் ஆட்களைப் பார்த்ததில்லை. கத்தோலிக்கர் ஜெபமாலை என்றார்கள். சி.எஸ்.ஐ.காரர்கள் அதற்கெல்லாம் நாங்கள் ஆள் இல்லை, கீர்த்தனை பாடுவோம் என்றார்கள். பெந்தெகொஸ்தேக்காரர்கள் கை தட்டாமல் சொல்வது ஒரு ஜெபமா என்றார்கள். வெளியே பிரம்போடு ஜீப் சுற்றுகிறது, உள்ளே இவர்கள் பரலோகத்துக்கு எது நேர்வழி என்று சட்டையைப் பிடிக்காத குறை. மூன்றாகப் பிரித்துவிட்டேன். முதலுதவி அடிப்படை, முதலுதவி மறுபயிற்சி, அவசரகால மீட்பு. கடைசியது பெந்தெகொஸ்தேக்காரர்களுக்கு. அந்தச் சத்தத்துக்கு வேறு தலைப்பு பொருந்தாது.

போர்மேன் மதுரைப் பக்கத்து ஆள். வாட்டசாட்டமானவர். ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் என் பக்கத்தில் வந்து தட்டை வைத்தார்.

"என்னா சார், அவிங்களுக்கு மட்டும் ஏசி ரூமா? கார்த்திகை பொறந்துருச்சு. நாங்க மாலையப் போட்டு பனியனுக்குள்ள ஒளிச்சுக்கிட்டுத் திரியிறோம். நம்ம சாமி மட்டும் வெயில்ல கெடக்கணுமாக்கும்?"

"பஜனைதானே? பாடிட்டுப் போங்க."

"பஜனைன்னா கற்பூரம் காட்ட வேணாமா?"

கற்பூரம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. போர்டில் தீயணைப்புப் பயிற்சி என்று ஏறியது. தட்டில் கற்பூரம், பக்கத்தில் சிவப்பு சிலிண்டர். வகுப்பு முடிந்ததும், சிறிய அளவில் தீ மூட்டப்பட்டு வெற்றிகரமாக அணைக்கப்பட்டது என்று அறிக்கை எழுதுவேன். நான் எழுதிய அறிக்கைகளில் ஒரு பொய்கூடக் கலக்காதது அது ஒன்றுதான்.

அதற்கடுத்து வந்தவரைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்டோர்கீப்பர். ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு முஸ்லிம் ஊர். வயதில் மூத்தவர், ஐந்து வேளையும் தவறாதவர், பச்சை அட்டைக்காரர்.

"தம்பி, வியாழக்கிழமை சாயங்காலம் ரூம் சும்மாத்தானே கெடக்கு?"

"உங்களுக்கு எதுக்கு பாய் ரூம்? நாடே உங்களுது. அஞ்சு வேளையும் மைக்குல கூப்பிடுறாங்க."

அவர் சிரித்தார். "நாடு அவங்களுது தம்பி. நாங்க ஊர்ல மவ்லிது ஓதுவோம், நபிய புகழ்ந்து பைத்து பாடுவோம், முடிச்சதும் தப்ருக்குன்னு பிரசாதம் மாதிரி குடுப்போம். இங்க அதெல்லாம் வழிகேடுங்குறான். எங்க வாப்பா ஓதுன கிதாப ஏர்போர்ட்லயே புடுங்கிட்டான். மாட்டுனா ஒங்களுக்கு ஒரு அடின்னா எங்களுக்கு ரெண்டடி. நீங்க தெரியாம வழி தப்புனவங்க. நாங்க தெரிஞ்சுக்கிட்டே தப்புறோமாம்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பச்சை அட்டைக்காரன் எல்லாம் ராஜா என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர்களுக்கு வியாழக்கிழமை மாலை, வெயில் தாக்குதலும் தடுப்பும். ஓதி முடித்ததும் ஏலக்காய் போட்ட பால் கொடுப்பார்கள். வெயில் காலத்தில் நிறையப் பானம் அருந்த வேண்டும் என்று பாடத்திலேயே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பயிற்சிக்கு ஆள் அலைமோதியது. மேனேஜர் என் தோளில் கை போட்டுப் பேசத் தொடங்கினார். விடுமுறை நாளில்கூடப் பயிற்சிக்கு வருகிற தொழிலாளிகள் என்று ஆலைக்காரர்களிடம் போய்ப் பெருமையடித்தார். அந்தப் பெருமைதான் வினையாக வந்தது. அப்படிப்பட்ட அதிசய வகுப்பைப் பார்த்துவிட்டு வா என்று அவர்கள் தங்கள் சேஃப்டி இன்ஸ்பெக்டரை, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பிவிட்டார்கள்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். உள்ளூர்க்காரர், சவுதிக் குடிமகன். தாடியைப் பார்த்ததும் முத்தவா என்று நினைத்து, முதுகுக்குப் பின்னால் கதவைத் தட்டினேன். ஜீப்பை நிறுத்திவிட்டுக் கேபின் பக்கம் வந்தவர் வாசலில் நின்றுவிட்டார். முப்பது ஜோடி சேஃப்டி ஷூக்கள். இரும்பு முனை வைத்தவை. சுவர் ஓரமாக ஜோடி ஜோடியாக, கோயில் வாசலில் விட்ட மாதிரி வரிசையாக இருந்தன. கதவில் என் கையெழுத்திலேயே ஒரு பலகை. பாதுகாப்பு ஷூ அணியாமல் உள்ளே நுழையக் கூடாது.

இரண்டு வருடமாக இது என் கண்ணில் படவே இல்லை. ஆளை ஆள் முறைத்துக்கொண்ட மூன்று மதக்காரர்களும், மூன்று சபைக்காரர்களும், ஒருவருக்கொருவர் சொல்லிவைக்காமல் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயிருந்தார்கள். கும்பிடப் போகிற இடத்தில் காலில் இருப்பதைக் கழற்ற வேண்டும். வாசலில் காவல் இருந்த என் ஷூவும் அந்த வரிசையில்தான் இருந்தது.

அவர் ஷூக்களைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

உள்ளே அதற்குள் பயிற்சி ஆரம்பமாகியிருந்தது. ஒருவர் பொம்மையின் தலைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் காலுக்கும் போட்டுக்கொண்டிருந்தார். வெல்டர் பொம்மையின் நெஞ்சை அழுத்தினார். அழுத்துவதற்கு முன்னால், கடலில் வள்ளத்தைத் தள்ளுகிறவன் மாதிரி, நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போயிற்று.

"எத்தனை தடவை அழுத்த வேண்டும்?" என்று இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஃபிஃப்டி த்ரீ" என்றார் வெல்டர்.

ஜெபமாலையில் மாதாவை வாழ்த்துகிற மணிகள் ஐம்பத்து மூன்று. மனுஷன் வாயில் வேறு எண் வரவில்லை. ஐம்பத்து மூன்று தடவை விடாமல் அழுத்தினால் செத்தவன் எழுந்து நம்மை அடிப்பான் என்று எனக்குத் தோன்றியது. சிரிப்பும் வந்தது, மூத்திரமும் வந்தது.

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். நல்ல வகுப்பு, தொடருங்கள் என்றார். என்னைக் கண்ணால் கூப்பிட்டு ஜெனரேட்டர் பக்கம் அழைத்துப் போனார். சரி, விமானம்தான், என்று நினைத்துக்கொண்டேன். மனைவிக்கு என்ன சொல்வது என்றுகூட வாக்கியம் அமைத்துவிட்டேன்.

"உன் வகுப்பில் ஒரு பாதுகாப்புக் குறை இருக்கிறது" என்றார். "ஷூவை உள்ளே போட்டுக்கொண்டு உட்காரச் சொல். முதலுதவிக்கு யாரும் ஷூ கழற்ற மாட்டார்கள். மனுஷன் அதைக் கழற்றுகிற இடம் இரண்டுதான். ஒன்று வீடு, இன்னொன்று தொழுகிற இடம். இது உங்கள் யாருக்கும் வீடு இல்லை."

நான் குனிந்து என் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டேன்.

"நான் கத்தீஃப்காரன்" என்றார். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்பது போல நிறுத்தினார். கத்தீஃப் பக்கத்து ஊர். அங்குள்ளவர்கள் ஷியாக்கள். அதே குர்ஆன், அதே நபி. ஆனால் ஆட்சியில் இருப்பவர்களுக்கு இவர்களை முஸ்லிம் என்று ஒத்துக்கொள்வதிலேயே தயக்கம். என் மூஞ்சியைப் பார்த்து இவனுக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, விளக்கினார்.

"நபியின் பேரன் கொல்லப்பட்டதை நினைத்து முஹர்ரம் மாதத்தில் நாங்கள் பத்து நாள் கூடி அழ வேண்டும். நான் இப்போது கோபர் நகரத்தில் குடியிருக்கிறேன். அங்கே அதற்கு இடம் கிடையாது. வீட்டில் கூட்டம் கூட்டவும் கூடாது. அதனால் தங்கைக்குக் கல்யாணம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவேன். அவளுக்கு இதுவரை மூன்று தடவை கல்யாணம் ஆகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் கறுப்பு உடுத்தி வருகிறார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். எதிர்வீட்டுக்காரர் மாப்பிள்ளை சரியில்லை போல என்று எனக்கு ஆறுதல் சொன்னார்."

இரண்டு பேரும் ஜெனரேட்டர் சத்தத்தில் விழுந்து விழுந்து சிரித்தோம். எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று தெரியவில்லை. சிரித்து ஓய்ந்து நான் ஷூவை மாட்டியபோது அவர் ஜீப் போய்விட்டிருந்தது.

நூற்றுக்கு நூறு மதிப்பெண் போட்டிருந்தார். விருது அதனால்தான் வந்தது. எங்கள் காம்ப்பில்தான் புதுப் பிரச்சினை வெடித்தது. ஷூவோடு சாமி கும்பிடுவதா?

"கற்பூரத்துக்கு முன்னாடி செருப்புக் காலோட நிக்கச் சொல்றீங்களா? அதுக்கு என்னைய முத்தவாகிட்டயே புடிச்சுக் குடுத்துருங்க" என்றார் போர்மேன். சி.எஸ்.ஐ.காரர்களுக்கு ஆட்சேபம் இல்லை, வெள்ளைக்காரத் துரைமார் பூட்ஸ் காலோடுதான் கோயிலுக்குப் போனார்கள் என்றார்கள். நபியவர்கள் காலணியோடு தொழுததாக ஹதீஸ் இருக்கிறது என்று ஸ்டோர்கீப்பர் சொன்னார். சொன்னாரே தவிர, கழற்றாமல் ஓத அவருக்கும் மனசு வரவில்லை. வெல்டர், அம்மை பார்த்துக்கொண்டிருப்பாளே என்றார். கடைசியில் ஸ்டோர்கீப்பர்தான் தீர்த்துவைத்தார். ஆளுக்கு ஒரு ஜோடி புது ஷூ, பயிற்சிக்கு மட்டும். மண்ணில் படாதது. பெட்டியோடு கேபினுக்குள்ளேயே இருக்கும், வந்ததும் மாட்டிக்கொள்ள வேண்டியது. மண்ணில் படாத ஷூ தீட்டு இல்லை என்று எல்லா மதமும் ஒப்புக்கொண்டது. போர்மேன் தன் ஜோடிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். வெளியே போட்டு வந்த ஷூக்கள் வகுப்பு முடிகிற வரை ஒரு மூட்டையில் கட்டப்பட்டு ஜெனரேட்டருக்குப் பின்னால் கிடந்தன.

அந்தப் போர்மேனைப் பல வருடம் கழித்து மதுரையில் பார்த்தேன். அவர் தெருவில் பெந்தெகொஸ்தேக்காரர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஜெபம் நடத்துகிறார்களாம். அனுமதி இல்லையாம், கை தட்டுகிறார்களாம், தலைவலியாம். கலெக்டருக்கு மனு எழுதி வைத்திருந்தார். "நீங்க கொஞ்சம் பாத்துக் குடுங்க சார், நீங்கதான் நல்லா எழுதுவீங்க" என்றார். இதே ஆள்தான் தகரக் கேபினுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, குரலை அமுக்கி, கண்ணில் நீர் வழியச் சரணம் சொன்னவர். எனக்கு வந்த கோபத்தில் மனுவை அவர் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டு வந்துவிட்டேன். மதம் மாறவில்லை, மனுஷனும் மாறவில்லை. ஊர்தான் மாறியிருந்தது.

ஜுபைலில் இன்ஸ்பெக்டர் மாதம் ஒரு தடவை வருவார். பேரீச்சம்பழம் ஒரு பெட்டி கொண்டு வருவார். வியாழக்கிழமை வந்தால் ஏலக்காய்ப் பால் குடித்துவிட்டு, இந்த வகுப்புதான் எனக்கு மிகவும் பயன்பட்டது என்பார். வெல்டரைப் பார்த்தால் "ஃபிஃப்டி த்ரீ" என்று கூப்பிடுவார். வெல்டரும் சளைக்காமல் சலாம் வைப்பார். தம்பிக்கு விசா வந்த அன்று, சாக்லெட்டை முதலில் இன்ஸ்பெக்டருக்குத்தான் நீட்டினார். நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பயத்தை மறந்திருந்தோம். உள்ளூர்க்காரர் ஒருவர் நம் பக்கம் இருக்கிறார், இனி என்ன என்று நினைத்தோம்.

அந்த வருடம் முஹர்ரம் பிறப்பதற்குச் சில நாள் முன்பு வந்தார். "தங்கைக்கு மறுபடியும் கல்யாணம்" என்று என்னிடம் கண் சிமிட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ஜீப் வந்தது. இறங்கியவர் வேறு ஆள். வகுப்பைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், எல்லார் காலிலும் புதுக்கருக்கு மாறாமல் பளபளத்த ஷூக்களைப் பார்த்து மகிழ்ந்தார். பழைய இன்ஸ்பெக்டர் லீவா என்று கேட்டேன். கேள்வியே காதில் விழாத மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்.

ஜீப் ஓட்டி வந்த பெஷாவர்க்காரர் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் மெதுவாகக் கேட்டேன்.

"ஷாதி மே போலீஸ் ஆயா, பாய்" என்றார். கல்யாணத்துக்குப் போலீஸ் வந்துவிட்டது. யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றேன். கையை விரித்தார். "மாலும் நஹி. மத் பூச்சோ." தெரியாது, கேட்காதே.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எழுதிப் போட்டவன் மேல், வந்து பிடித்தவன் மேல், அவர் பெயரைச் சொன்னால் நாக்கு சுட்டுவிடும் என்பது போலத் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்த அந்தப் புது ஆள் மேல். முப்பது பேரைக் காட்டிக்கொடுக்கப் பழைய இன்ஸ்பெக்டருக்கு ஒரு வார்த்தை போதும், தப்பித்துக்கொள்ள அது உதவியுமிருக்கும். எங்களைத் தேடி ஒருவரும் வரவில்லை. அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

புது இன்ஸ்பெக்டர் போனதும் வெல்டரிடம் சொன்னேன். ஷூப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க சாரே அனுப்புவானுவ?"

"யாரை?"

"அவரத்தான். நம்மளப் பிடிச்சா வீட்டுக்குப் போன்னு பிளேன்ல ஏத்தி விட்டுருவான். நாமளும் அதுக்குத்தான இத்தன நாளா பயந்து செத்தோம். அவர அவருக்க வீட்டுக்குள்ள வச்சுல்லா பிடிச்சிருக்கானுவ. அவர எங்க அனுப்புவான்?"

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.